வண்டியில் கூடுதல் லைட்... எதை மாட்டலாம், எதைக் கழற்ற வேண்டும்?

ராத்திரி ஒரு மணிக்கு மேல் ஓசூரைச் சுற்றியுள்ள சாலைகள்தான் பரபரப்பாக இருக்கும். பாகலூர், பேரிகைப் பக்கமிருந்து ரோஜாவும் சாமந்தியும் பெங்களூரு சிட்டி மார்க்கெட்டுக்குப் போகின்றன. சூளகிரியிலிருந்து கொத்தமல்லியும் முட்டைக்கோஸும், ராயக்கோட்டையிலிருந்து தக்காளியும் கிளம்புகின்றன. அதே நேரத்தில் தொழிற்சாலைகளின் ஷிப்ட் பஸ்கள், கன்டெய்னர் லாரிகள், வெளிமாநிலச் சரக்கு வண்டிகள் எல்லாம் தேசிய நெடுஞ்சாலை 44-ல் இரண்டு திசையிலும் ஓடுகின்றன. இந்தக் கூட்டத்துக்கு நடுவில் டிராக்டரும் டிரெய்லரும், பால் கேன் கட்டிய மொபெட்டும் போக வேண்டும்.

இருட்டில் பள்ளம் தெரியவில்லை, எதிரே வருகிறவன் டிம் அடிப்பதில்லை, பனி நேரத்தில் ரோட்டின் ஓரமே தெரியவில்லை என்று கூடுதல் லைட் மாட்டுகிறவர்கள் காரணம் சொல்கிறார்கள். மூன்றுமே நியாயமான காரணங்கள்தான். ஆனால், மாட்டிய லைட்டுக்கு ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு செலான், திரும்பி வரும்போது இந்தப் பக்கம் இன்னொரு செலான் என்று விழுந்தால், தக்காளி விலை இறங்கியிருக்கும் நாளில் ஒரு லோடு காசு அதிலேயே போய்விடும். அதைவிடப் பெரிய நஷ்டம், நம் லைட்டில் கண் கூசிய எவரோ நம் வண்டி மீதோ, நம் ஊர் ஆள் மீதோ வந்து மோதுவது.

இரண்டு மாநிலத்துக்கும் ஒரே சட்டம்

'கர்நாடகாவில்தான் பிடிக்கிறார்கள், இங்கே ஒன்றும் இல்லை' என்ற பேச்சு எல்லை ஊர்களில் சகஜம். டி.என்.70, டி.என்.24 வண்டியானாலும், கே.ஏ.51 வண்டியானாலும் சட்டம் ஒன்றேதான். 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் நாடு முழுவதற்கும் பொதுவானவை. எங்கே, எப்போது கெடுபிடி காட்டுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். 2024 ஜூலையில் கர்நாடகக் காவல்துறை, கண்ணைக் கூசவைக்கும் எல்.இ.டி. முகப்பு விளக்குகளுக்கு எதிராக மாநிலம் முழுக்கத் தனிச் சோதனை நடத்தியது. வழக்குகள் சட்டத்தின் 177-வது பிரிவில் போடப்பட்டன. 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பிரிவில் முதல் முறைக்கு 500 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த முறைகளுக்கு 1,500 ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு. தமிழ்நாட்டிலும் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்துவிட்டன.

500 ரூபாயோடு போனால் பரவாயில்லை என்று நினைக்க முடியாது. அதே 2019 திருத்தத்தில் 182ஏ என்ற பிரிவு மாற்றி எழுதப்பட்டது. அதன் நான்காவது உட்பிரிவு வண்டி உரிமையாளருக்கானது. விதிகள் அனுமதிக்காத வகையில் வண்டியை மாற்றினாலோ, வெளியில் வாங்கிய பாகங்களைப் பொருத்தினாலோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டுமே விதிக்கலாம். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். கேரளத்தில் சுற்றுலா பஸ்களும் லாரிகளும் வண்ண விளக்கு போட்டு ஓடிய வழக்குகளில், ஒவ்வொரு கூடுதல் விளக்கையும் தனி மாற்றமாகக் கணக்கிட்டு 5,000 ரூபாய் விதிக்க வேண்டும் என்று 2024-ல் அம்மாநில உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தக் கணக்குப்படி கேபின் மேல் நான்கு லைட் என்றால் 20,000 ரூபாய். காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு கோட்டயத்துக்கும் எர்ணாகுளத்துக்கும் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

52-வது பிரிவு இன்னும் பழையது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. விளக்கு மாட்டுவது 'அடிப்படை அமைப்பை' மாற்றுவதாகுமா என்று வக்கீல் வாதாடலாம். அதற்காக மார்க்கெட்டுக்குப் போகிற வண்டியை நடுவழியில் நிறுத்திவைக்க யாரால் முடியும்?

விதி என்ன எதிர்பார்க்கிறது?

மத்திய விதிகளில் 105 முதல் 111 வரை விளக்குகளைப் பற்றியவை. சூரியன் மறைந்து அரை மணி நேரத்திலிருந்து, விடிவதற்கு அரை மணி முன்பு வரையிலும், வெளிச்சம் போதாத எந்த நேரத்திலும் விளக்கு எரிய வேண்டும். முன்னால் 155 மீட்டர் தூரத்தில் இருக்கும் ஆளும் வண்டியும் தெரிய வேண்டும். பின்னால் எரியும் சிவப்பு விளக்கும் 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். பின் நம்பர் பிளேட்டுக்கு மேல் வெள்ளை விளக்கு இருந்து, 15 மீட்டரிலிருந்து எண்ணைப் படிக்க முடிய வேண்டும். 155 மீட்டர் என்பது சுமார் 500 அடி. கம்பெனி கொடுத்த விளக்கு சரியாக இருந்தால் இதற்குப் போதும் என்பதே விதி போட்டவர்களின் கணக்கு.

106-வது விதி கண் கூச்சத்தைப் பற்றியது. இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சமதளமான களத்தில் வண்டியை நிறுத்தி, விளக்கை டிம்மில் போடுங்கள். முன்னால் 8 மீட்டர், அதாவது சுமார் 26 அடி அளந்துகொள்ளுங்கள். வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் வலப்புறம் தள்ளி ஒருவர் நிற்கட்டும். அவர் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர், சுமார் 5 அடி உயரத்தில் இருக்க வேண்டும். அந்த இடத்தில் கண் கூசினால் விளக்கு விதிக்கு ஏற்றதாக இல்லை. கதிர் அறுக்கும் இயந்திரத்துக்கும் இதே விதிதான்; விதியிலேயே அதன் பெயர் இருக்கிறது.

இந்தச் சோதனையை லோடு ஏற்றிய பிறகும் செய்ய வேண்டும். பின்பக்கம் ஒன்றரை டன் முட்டைக்கோஸ் ஏறியதும் பிக்கப்பின் மூக்கு மேலே தூக்கும். காலியில் ரோட்டைப் பார்த்த விளக்கு, எதிரே வருகிறவரின் கண்ணைப் பார்க்க ஆரம்பித்துவிடும். ஓசூரிலேயே தயாராகும் தோஸ்த் போன்ற சிறு சரக்கு வண்டிகளில் விளக்கின் உயரத்தை இறக்கி ஏற்றும் திருகோ, டேஷ்போர்டில் பூஜ்யத்திலிருந்து எண் போட்ட சிறு குமிழோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் லோடு ஏற்றியதும் இறக்கிக்கொள்ளலாம். பல டிரைவர்களுக்கு அப்படி ஒரு குமிழ் இருப்பதே தெரிவதில்லை.

பல்ப் மட்டும் மாற்றினால்?

பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது. பழைய வண்டிகளில் இருப்பது ஹெச்4 ஹாலஜன் பல்ப். 12 வோல்ட், பிரைட்டில் 60 வாட், டிம்மில் 55 வாட். அதன் உள்ளே இரண்டு இழைகள் இருக்கும். டிம் இழைக்குக் கீழே ஒரு சிறு தகட்டுக் கிண்ணம், வெளிச்சம் மேலே சிதறாதபடி மறைக்கும். விளக்கின் பின்னாலுள்ள பளபளப்பான கிண்ணமும், முன் கண்ணாடியின் வரிகளும் அந்த இழை இருக்கும் இடத்தை வைத்தே வடிவமைக்கப்பட்டவை. அங்கே எல்.இ.டி. பல்பைச் சொருகினால் வெளிச்சம் பிறக்கும் இடமே மாறிவிடுகிறது. ஓட்டுகிறவருக்கு முன்னால் பளிச்சென்று இருக்கும். ஆனால், தூரத்து ரோட்டில் விழ வேண்டிய வெளிச்சம் மரத்தின் மேலும் எதிரே வருகிறவரின் முகத்திலும் விழும். கடையில் சுவரில் அடித்துக் காட்டும்போது இதெல்லாம் தெரியாது.

எல்.இ.டி. என்பதே தடை என்று இதற்கு அர்த்தமில்லை. கம்பெனியிலேயே எல்.இ.டி. விளக்கோடு வரும் வண்டிகள் புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., சென்னை ஒரகடத்திலுள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை மையங்களில் தேறி வந்தவை. அந்த விளக்குக் கூடு முழுவதும் எல்.இ.டி.க்காகவே செய்யப்பட்டது.

100/90 வாட் ஹாலஜன் பல்பு போடுகிறவர்களுக்கும் ஒரு கணக்கு. 60 வாட் பல்ப் இரண்டு எரிந்தால் வயரில் ஓடுவது 10 ஆம்பியர். 100 வாட் இரண்டு எரிந்தால் கிட்டத்தட்ட 17 ஆம்பியர். கம்பெனி வயரும் சுவிட்சும் இதற்கு ஏற்றவை அல்ல. சுவிட்ச் உருகுவது, ஹோல்டர் கருகுவது, சில நேரம் வண்டியே தீப்பிடிப்பது எல்லாம் இதனால் வருபவை. தீப்பிடித்த பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயர் முதலில் தேடுவது, வெளியில் போட்ட வயரைத்தான்.

ஃபாக் லாம்ப் வேறு, ஃபோகஸ் லைட் வேறு

கடையில் இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு வேறு. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி, தை மாதங்களில் காலை ஏழு மணி வரைகூடப் பனி மூடியிருக்கும். அந்த நேரத்தில் பிரைட் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு வெள்ளைச் சுவர்போலத் திரும்பி வரும். அதனால்தான் ஃபாக் லாம்ப் தாழ்வாக, முகப்பு விளக்குக்குக் கீழே இருக்கிறது; வெளிச்சத்தை அகலமாக, தரையை ஒட்டிப் பரப்புகிறது. நான்கு சக்கர வண்டிகளுக்கான விளக்குத் தரநிலையான ஏ.ஐ.எஸ்.008-ல் இது விருப்ப விளக்கு. முன்னால் இரண்டு இருக்கலாம், வெள்ளையோ மஞ்சளோ. நீங்கள் வாங்கிய மாடலில் இல்லாமல், விலை கூடிய மாடலில் இருந்தால், கம்பெனி டீலரிடமே அதே பாகத்தை அதே இடத்தில் பொருத்தி பில் வாங்கிக்கொள்வது பத்திரமான வழி. பனி விலகியதும் அணைத்துவிட வேண்டும்.

ஃபோகஸ் லைட், சர்ச் லைட், கேபின் மேல் போடும் நீள எல்.இ.டி. பட்டை ஆகியவை இன்னொரு ஜாதி. இவை வெளிச்சத்தைக் குவித்துத் தூரமாக அடிப்பவை. 111-வது விதி இவற்றை நேரடியாகத் தடுக்கிறது. விசேஷச் சூழ்நிலையில், பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு தவிர, வண்டியின் முன்னால் ஸ்பாட் லைட்டோ, சர்ச் லைட்டோ பொருத்தக் கூடாது. 'ரோட்டில் போடுவதில்லை, மாட்டி மட்டும் வைத்திருக்கிறேன்' என்று சிலர் சொல்வது எடுபடாது. விதியில் இருப்பது 'எரிக்கக் கூடாது' என்பதல்ல, 'பொருத்தக் கூடாது' என்பது. மேலே ரெக்ஸின் உறை மாட்டினாலும் இதே கதைதான்.

நிறத்துக்கும் விதி உண்டு. 108-வது விதிப்படி முன்னால் சிவப்பு கூடாது. பின்னால் சிவப்பைத் தவிர வேறு நிறம் கூடாது. சிக்னலின் மஞ்சள், ரிவர்ஸ் விளக்கின் வெள்ளை போன்றவை விலக்கு. சிவப்புச் சுழல் விளக்கை மந்திரிகளே 2017 மே 1-ம் தேதியோடு கழற்றிவிட்டார்கள். நீல விளக்கு அவசரகால வண்டிகளுக்கானது. பம்பரில் பச்சையும் நீலமுமாக மின்னும் சீரியல் செட் பண்டிகைக்கு அழகுதான், ரோட்டில் அதற்கு இடமில்லை.

டிராக்டருக்கு ஒரு தனிச் சலுகை

விவசாயிகளுக்கு நல்ல செய்தியும் அதே 108-வது விதியில் இருக்கிறது. பின்னால் வெள்ளை விளக்கு கூடாது என்ற தடையிலிருந்து டிராக்டரின் உழவு விளக்குக்கு விலக்கு அளித்திருக்கிறார்கள். மட்கார்டிலோ கேபினிலோ பின்னோக்கி இருக்கும் இந்த விளக்கு, வயலில் வேலை நடக்கும்போது கலப்பையோ ரோட்டாவேட்டரோ இயங்கும் இடத்தில் வெளிச்சம் விழுவதற்காக. ராத்திரி ஓட்டுவதற்கு இதைவிட உதவியான விளக்கு இல்லை. அதை யாரும் கழற்றச் சொல்லவில்லை. ஆனால், வரப்பைத் தாண்டித் தார் ரோட்டில் ஏறியதும் அணைக்க வேண்டும். பின்னால் வருகிறவருக்கு, எதிரே ஒரு வண்டி வருகிறதோ என்ற குழப்பத்தை உண்டாக்குவது இதுதான்.

முன்னால் ஆறு விளக்கு, பின்னால் இருட்டு

கூடுதல் விளக்குப் பேச்சில் யாரும் பேசாதது டிரெய்லரின் பின்பக்கம். முன்னால் ஆயிரக்கணக்கில் செலவு செய்த டிராக்டர்களில்கூட, ராகித் தாள் ஏற்றிய டிரெய்லருக்குப் பின்னால் ஒரு பொட்டு சிவப்பு இருக்காது. டெயில் லைட் உடைந்து மாதக்கணக்கில் ஆகியிருக்கும். இல்லாவிட்டால் இணைப்பு வயரை எலி கடித்திருக்கும். அதுவும் இல்லாவிட்டால் தாள் தொங்கி விளக்கையே மறைத்திருக்கும்.

நெடுஞ்சாலையில் ஒரு கார் மணிக்கு 80 கிலோமீட்டரில் வருகிறது. டிராக்டர் 20-ல் போகிறது. இடைவெளி விநாடிக்குச் சுமார் 17 மீட்டர் குறைகிறது. விளக்கு இல்லாத டிரெய்லர் கார்க்காரர் கண்ணுக்கு 40 மீட்டரில்தான் தென்படுகிறது என்றால், அவருக்கு மிஞ்சியது இரண்டரை விநாடிகூட இல்லை. விதி சொல்லும் 155 மீட்டரில் சிவப்பு தெரிந்தால் ஒன்பது விநாடி. எதிரே வரும் வண்டியின் எல்.இ.டி. அவர் கண்ணில் அடித்துவிட்டால், அந்த இரண்டரை விநாடியும் இல்லை. வயதானவர்களுக்கும் கண்புரை உள்ளவர்களுக்கும் கூச்சம் தெளிய இன்னும் நேரமாகும்.

ஆகவே, கையில் ஆயிரம் ரூபாய் இருந்து எதை மாட்டுவது என்று யோசித்தால், முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு சிவப்பு டெயில் லைட், இரண்டு சிவப்பு ரிஃப்ளெக்டர், பிறகு ஒளிரும் ஸ்டிக்கர் பட்டை. பட்டையின் நிறம் முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. இதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி தேவையில்லை, பேட்டரியும் தேவையில்லை. சேறு படிந்தால் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். தாள் ஏற்றினால் பட்டை மறையாத உயரத்தில் கட்டுங்கள். பழுதாகி ரோட்டோரம் நின்றால், பார்க்கிங் விளக்கு எரியட்டும். முக்கோணப் பலகையை வண்டிக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி வையுங்கள். கல்லை அடுக்கிவைத்து, கிளம்பும்போது அதை அப்படியே விட்டுவிட்டுப் போவது அடுத்து வரும் மொபெட்காரருக்குக் குழி வெட்டுவது.

வாசகர்கள் கேட்டவை

*ராத்திரியில் யானையும் காட்டுப்பன்றியும் ராகிக் கொல்லைக்கு வருகின்றன. காவலுக்காக டிராக்டரில் சர்ச் லைட் மாட்டலாமா? (தேன்கனிக்கோட்டை வட்டத்திலிருந்து)*

டிராக்டரின் முன்பக்கம் நிரந்தரமாகப் பொருத்தினால் 111-வது விதியில் மாட்டிக்கொள்வீர்கள். கட்டாயம் வேண்டுமென்றால் காரணத்தைச் சொல்லி ஓசூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் ஒப்புதல் கேட்கலாம். அதைவிட எளிது, கையில் பிடிக்கும் டார்ச் அல்லது கொல்லை மேட்டில் கம்பம் நட்டுப் போடும் விளக்கு. சானமாவு காட்டுப் பக்கமோ, காவிரி வடக்கு வன உயிரின சரணாலயத்தை ஒட்டிய சாலையிலோ யானை குறுக்கிட்டால் பிரைட் அடித்து விரட்டப் பார்க்காதீர்கள். தூரத்திலேயே நிறுத்தி, டிம் போட்டு, ஹாரன் அடிக்காமல் அது கடக்கும்வரை காத்திருங்கள். கூட்டமாக வரும்போது குட்டியும் இருக்கக்கூடும். வண்டியில் சர்ச் லைட்டோடு ராத்திரியில் காட்டுக்குள் போனால், வேட்டைக்கு வந்தவர் என்ற சந்தேகமும் சேர்ந்து வரும்.

*பால் ஊற்ற விடியற்காலை நான்கு மணிக்கு மொபெட்டில் போகிறேன். கிராஷ் கார்டில் இரண்டு சின்ன எல்.இ.டி. மாட்டியிருக்கிறேன். தப்பா?*

தாழ்வாக, ரோட்டைப் பார்த்து, கூசாத ஃபாக் லாம்ப் ஒரு விஷயம். கடையில் அந்தப் பெயரில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை நேராக அடிக்கும் ஃபோகஸ் லைட்கள். மேலே சொன்ன 8 மீட்டர் சோதனையைச் செய்து பாருங்கள்; கூசினால் கழற்றிவிடுங்கள். 2017 ஏப்ரல் 1-க்குப் பின் வந்த புதிய இரு சக்கர வண்டிகளில் பகலிலும் முகப்பு விளக்கு தானாக எரிகிறது. அதைத் துண்டிக்கவும் வேண்டாம். பால் கேன் பின் விளக்கை மறைக்கிறதா என்பதையும் பாருங்கள். மறைத்தால் கேன் மீதே சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டிக்கொள்ளலாம்.

*பழைய பிக்கப் வாங்கினேன். முந்தைய உரிமையாளர் மாட்டிய நான்கு லைட் அப்படியே இருக்கிறது. அபராதம் யாருக்கு?*

ஆர்.சி.யில் இப்போது பெயர் யாருடையதோ, செலான் அவருக்கு வரும். பெயர் மாற்றும் முன்பே பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பழைய செலான் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விற்றவரையே கட்டச் சொல்லுங்கள். லைட்டைக் கழற்றும்போது வயரை வெட்டித் தொங்கவிடாமல், ஃபியூஸ் பெட்டி வரை முழுதாக எடுக்கச் சொல்ல வேண்டும். வெட்டிய முனை பாடியில் உரசினால், அடுத்த மழைக்கு வண்டி ஸ்டார்ட் ஆகாது.